ஏறாவூரில் தொங்கும் நம்முடைய சங்கிலி

மகன், இதை வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு வாசிக்காதே. குளித்து, சாப்பிட்டு, உன் அறைக் கூட்டாளிகள் தூங்கிய பிறகு ஆறுதலாக வாசி. நீளமான கடிதம் இது. போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் உனக்கு மட்டும் இல்லை, ஊரெல்லாம் வாசிக்கும்படி எழுதுகிறேன். பழுதான வாகனங்களை இழுக்கிற நம்முடைய ரிக்கவரி லொறிக்காரர் சங்கம் முதலாம் ஆண்டு மலர் என்று ஒன்றை அச்சடிக்கப் போகிறது. தலைவி என்பதால் நானும் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். கட்டுரை எழுத எனக்கு வராது. மகனை ஏச வரும், கொஞ்சம் பெருமையடிக்கவும் வரும். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நம்முடைய பெயர் போடவில்லை, பயப்படாதே. ஆனால் செங்கலடிச் சந்தியில் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து போன் எடுத்தபோது ஒரு கேள்வி கேட்டாய். உன் ஒப்பந்தம் முடிகிறது, கொம்பனிக்காரர் இன்னொரு தவணைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடவா விடவா என்றாய். நான் பேசாமல் இருந்தேன். லைன் வெட்டிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றாய். லைன் வெட்டவில்லை, எனக்குத்தான் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நடுவே தாவிப் போய் அதை மட்டும் வாசிக்காதே. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம் போய் விடை பார்க்கிற பழக்கம் உனக்கு இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

நீ போனதற்குக் காரணமான அந்த வான் வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பதுளைப் பக்கமிருந்து கடல் பார்க்க வந்த ஒரு குடும்பம். சந்திக்கு இந்தப் பக்கம் வளைவில் முன்சில்லு கழன்று வான் குறுக்கே நின்றுவிட்டது. நம்முடைய தொழிலில் அப்போது இருந்த ஒரே சட்டம், யார் முதலில் கொக்கி மாட்டுகிறாரோ அவருக்கு வண்டி. விலை பிறகு. எங்கே கொண்டுபோவது என்பதும் பிறகு. வண்டிக்குச் சொந்தக்காரனைக் கேட்பது எல்லாவற்றுக்கும் பிறகு. நீயும் அப்பாவும் பறந்து போய் முன்பக்கம் கொக்கி மாட்டினீர்கள். அதே நிமிடத்தில் ஏறாவூரிலிருந்து, அண்ணன் முறையில் ஊரே காக்கா என்று கூப்பிடுகிற றபீக் காக்கா தன் லொறியில் வந்து பின்பக்கம் கொக்கி மாட்டினார். இரண்டு பேரும் முதல் கொக்கி தன்னுடையது என்றார்கள். விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனம் இல்லை. இரண்டு பக்கமும் இன்ஜினை முறுக்கியதில் வானின் பின்கதவு கழன்று தெருவில் விழுந்தது. சனம் கூடிச் சிரித்தது, ஒருவன் படமும் எடுத்தான். அந்த வான்காரர் மட்டும் ஒரு தரம் உங்கள் லொறியைப் பார்த்தும் ஒரு தரம் றபீக் காக்காவின் லொறியைப் பார்த்தும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் அழுதாள்.

நீ இறங்கிப் போய் நம்முடைய கொக்கியைக் கழற்றினாய். அப்பா கத்தினது உனக்குக் கேட்கவில்லை. சங்கிலியையும் வானுக்குக் கீழேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து லொறியில் ஏறிவிட்டாய். அன்று வீட்டில் நான் உன்னை ஏசினது உனக்கு நினைவிருக்கும். புதுச் சங்கிலி மகன் அது! கடன் முடியவில்லை. கழற்றினதற்கு ஏசியது பிழை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். சங்கிலியை விட்டுவிட்டு வந்ததற்கு ஏசியது பிழை இல்லை, இன்றைக்கும் ஏசுவேன். நீ தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "வாகனம் பழுதாகி நிக்கிற சனம் நம்மளக் கண்டா பயப்புடுது அம்மா. களவெடுக்க வாறவனக் கண்ட மாதிரிப் பயப்புடுது. எனக்கு இந்தத் தொழில் வேணாம்." அடுத்த மாசமே பாஸ்போட் எடுத்தாய். கட்டாருக்குப் போய்ச் செய்கிறதும் அதே ரிக்கவரி வேலைதான் என்பது வேறு கதை. அங்கே சட்டம் இருக்கிறது, ஆட்கள் பயப்படுவதில்லை என்று முதல் மாசமே சொன்னாய். அப்போது எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? சட்டம் என்ன, கட்டாரில் மட்டும் விளைகிற சாமானா?

ஆனாலும் நீ சொன்ன அந்த வசனம் என்னை விடவில்லை. அப்பாவோடு லொறியில் போகும்போதெல்லாம், பழுதாகி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் வண்டியின் முகத்தைத்தான். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, கொக்கி எங்கே பிடிக்கும் என்று. ஒருநாள் வந்தாறுமூலைக்குப் போகிற வழியில் வயதான ஒரு மனிசன் தன் காரைத் தானே தள்ளிக்கொண்டு போனார். நல்ல வெயில், சேர்ட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நாங்கள் பக்கத்தில் போய் லொறியை மெதுவாக்கினோம். ஒன்றும் கேட்கக்கூட இல்லை. அவர் எங்களைக் கண்டதும் ஒற்றைக் கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உதவி செய்கிற தொழில் என்று நினைத்துக்கொண்டு நாம் செய்த தொழில், வயதான ஒரு மனிசனை அந்த வெயிலில் ஓடவைத்திருக்கிறது. நீ அன்று சுவரைப் பார்த்துச் சொன்னதற்கு எனக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது.

மறுநாள் காலையில் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏறாவூருக்குப் புறப்பட்டேன். சங்கிலிக்காகப் போகிறாயா, சண்டைக்காகப் போகிறாயா என்று அப்பா கேட்டார். இரண்டுக்கும் என்றேன். றபீக் காக்காவின் கராஜுக்குள் நான் போனதைக் கண்டு அங்கே வேலை செய்கிறவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நம்முடைய சங்கிலி சுவரில் ஒரு ஆணியில் தொங்கியது. காக்கா உட்காரக் கதிரை போட்டார், பால் விடாத பிளேன்டி வரவழைத்தார், மனைவியையும் கூப்பிட்டார். சண்டைக்கு ஆயத்தமாகப் போன நான் பிளேன்டியைக் குடித்தேன். அவர்தான் தொடங்கினார். அந்த வானை அவர் இழுத்துக்கொண்டு போய்க் கழன்ற கதவையும் பொருத்திக்கொடுத்தாராம். ஆனால் வான்காரர் காசைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், திரும்பியும் பார்க்காமல் போனாராம். தொழில் தொடங்கிய நாளிலிருந்து தனக்கு யாரும் நன்றி சொன்ன ஞாபகம் இல்லை என்றார். அவ்வளவு பெரிய ஆள், தாடியைத் தடவிக்கொண்டு அதைச் சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது. எழும்பும்போது சங்கிலியைக் கேட்டேன். "சங்கிலி இரிக்கி தங்கச்சி. ஆனா உங்களுக்குத் தரமாட்டன்" என்றார். "கழட்டினவன்ட கையிலதான் குடுப்பன். அவன் கழட்டல்லண்டா அண்டைக்கு நான் அந்த வானை ரெண்டாக் கிழிச்சிரிப்பன்." இதுதான் மகன், நம்முடைய சங்கத்தின் முதல் கூட்டம். இரண்டு பேர், ஒரு பிளேன்டி, ஆணியில் ஒரு சங்கிலி. உனக்கு யாரோடாவது பகை வந்தால் அவருடைய வீட்டுக்கு நீயே முதலில் போ. போன் எடுத்துப் பேசாதே. நேரே போனால் கதிரை போடாமல் இருக்க நம்முடைய ஆட்களுக்குத் தெரியாது.

சட்டம் வேண்டும் என்பதில் நானும் காக்காவும் ஒரே கருத்து. எப்படிப்பட்ட சட்டம் என்பதில்தான் மண்டை காய்ந்தது. அங்கேதான் நான் பிறந்த இடம் கைகொடுத்தது. நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரன் மகள். எங்கள் வட்டையில், அதுதான் ஒரே வயல்வெளியில், எத்தனையோ பேருக்கு வயல் இருந்தது, குளம் ஒன்றுதான். தண்ணீருக்காக ஆளை ஆள் மண்வெட்டியால் பிளந்துகொள்ளலாம். ஆனால் பிளப்பதில்லை, ஏனென்றால் முறை இருக்கிறது. விதைக்கிறதற்கு முன்னமே எல்லோரும் கூடி ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். எப்போது விதைப்பது, எப்போது மாட்டை வெளியேற்றுவது, யாருடைய வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்றெல்லாம் அங்கே பேசி முடிப்பார்கள். அதைக் கவனிக்க அவர்களே ஒரு வட்டை விதானையைத் தெரிவுசெய்வார்கள். முறையை மீறினவனுக்கு அடுத்த முறை கிடையாது. இதையே லொறிக்குச் செய்தால் என்ன என்று கேட்டேன். அதற்குக் காக்கா, வாகனம் பழுதாகிறதும் மழை மாதிரித்தான், யாருக்கு எப்போது என்று சொல்ல முடியாது, முறை வைத்துப் பிரிக்கத்தான் வேண்டும் என்றார்.

அப்படியே செய்தோம். ஓட்டமாவடியிலிருந்து ஆரையம்பதி வரை லொறி வைத்திருந்த எல்லோரையும், வாவிக்கு அந்தப் பக்கம் உழவு மெசினால் வண்டி இழுக்கிறவர்களையும் காக்காவின் கராஜுக்கு அழைத்தோம். நடுவில் உட்கார ஆள் வேண்டுமே. உன் பெரிய மாமாவைக் கொண்டுவந்தேன், அவர்தான் இப்போது எங்கள் வட்டையின் விதானை. மாமாவுக்கு லொறியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. முன்சில்லா பின்சில்லா என்றுகூடக் கேட்கமாட்டார். ஆனால் கத்துகிற கூட்டத்தை அடக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. லொறிக்காரர்களை எல்லாம் வயற்காரர்களாகவே நடத்தினார். மெயின் ரோட்டில் கராஜ் வைத்திருக்கிறவர்கள் தலைவாய்க்கால்காரர், உள்ளுக்கு இருக்கிறவர்கள் கடைவாய்க்கால்காரர் என்று பிரித்துவிட்டார். உழவு மெசின்காரர்களைத் தொழிலிலிருந்தே வெளியேற்ற வேண்டும் என்று லொறிக்காரர்கள் நின்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன். மாமா ஒரு கேள்வி கேட்டார்: சேற்றுக்குள் இறங்கின வாகனத்தை உங்கள் லொறி இறங்கி எடுக்குமா? சேறும் வாய்க்காலும் உழவு மெசினுக்கு, தார் ரோடு லொறிக்கு என்று அதோடு முடிந்தது.

பிறகு முறை இலக்கம் பிரித்தார்கள். கூட்டம் கூட்டினது நான், கால் தேய அலைந்தது நான், ஆகவே இலக்கம் ஒன்று நமக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டிக் கதவில் ஒன்று என்று எழுதினால் எப்படி இருக்கும் என்றுகூட மனதுக்குள் பார்த்துவிட்டேன். மாமா கடைவாய்க்காலிலிருந்து தொடங்கினார். வட்டையில் அதுதான் வழக்கம். தலைவாய்க்கால்காரன் எப்படியும் தண்ணீர் எடுத்துக்கொள்வான், அதனால் கடைசி வயலுக்குத்தான் முதல் தண்ணீர். நாம் சந்தியில், மெயின் ரோட்டில் இருக்கிறோம். எல்லாருக்கும் கொடுத்து முடித்துக் கடைசி இலக்கத்தை என் கையில் தந்தார். முறைத்துப் பார்த்தேன். "என்ட தங்கச்சி எண்டு வாய்க்கால மாத்த ஏலா" என்று எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். கராஜ் அதிரச் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் இந்த முறையில் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். உனக்கு எங்கேயாவது தலைமை கிடைத்தால் இதை நினைத்துக்கொள். அன்று மாமா எனக்கு ஒன்றைத் தந்திருந்தால் சங்கம் அந்தக் கராஜ் வாசலோடு முடிந்திருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டால் போதாது, அரசாங்கம் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வெளியூரிலிருந்து ஒருவன் லொறியோடு வந்து பழைய மாதிரி முதல் கொக்கி என்பான். அனுமதிப்பத்திரம் கேட்டுப் போனேன். அதற்கான தொழில்களின் பட்டியலில் எங்கள் தொழில் இல்லை என்றார்கள். கராஜ் என்று பதியச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். பிரதேச சபையில் கேட்டால் மாவட்டக் காரியாலயமான கச்சேரிக்குப் போ, கச்சேரியில் கேட்டால் சபைக்குப் போ. அந்த இரண்டு வாசலிலும் எத்தனை செருப்புத் தேய்ந்தது என்று அப்பாவைக் கேள். நான் ஒவ்வொரு முறையும் றபீக் காக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாய் திறக்கமாட்டார், நான் மூடமாட்டேன். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் செய்யாமல் அனுப்ப முடியாது என்று ஒரு கிளார்க் பிள்ளை பிறகு சொன்னாள்.

கடைசியில் கச்சேரியில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். பெரிய மேசை, சுற்றிவர அதிகாரிகள், சபை உறுப்பினர்கள். பயத்தோடுதான் கதிரையில் உட்கார்ந்தேன். ஒரு உறுப்பினர் சிரித்துக்கொண்டே கேட்டார், இழுக்கிறதுக்கு லைசன்ஸ் கேட்கிறீர்கள், நாளைக்குத் தள்ளுகிறதுக்கும் கேட்பீர்களா என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காரைத் தள்ளிக்கொண்டு ஓடின அந்த மனிசன் ஞாபகம் வந்தார். பயம் போன இடம் தெரியவில்லை. "ஐயா, சலூனுக்கு லைசன்ஸ் இரிக்கு" என்றேன். "தலைமயிரப் பிழையா வெட்டினா ஒரு மாசத்தில வளரும். வாகனத்தப் பிழையா இழுத்தா வளருமா?" சிரிப்பு என் பக்கம் திரும்பியது. லைசன்ஸ் வேண்டாம் என்று சொல்லத்தான் தன்னிடம் ஆட்கள் வருவார்கள், எங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்று வந்தவர்களை இப்போதுதான் காண்பதாகத் தலைமை தாங்கிய பெரியவர் சொன்னார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "கட்டுங்க எண்டு மாடே வந்து வாசல்ல நிக்குது ஐயா. கயிறு இல்லையெண்டு நீங்க சொல்றீங்க." அதுவரை வாயே திறக்காத றபீக் காக்கா அப்போதுதான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னார்.

கயிறு கிடைத்தது மகன்! சபைகள் ஒவ்வொன்றாக விதியை ஏற்றுக்கொண்டன. கொக்கி மாட்டுவதற்கு முன்னே விலையைச் சொல்ல வேண்டும். எங்கே கொண்டுபோவது என்று சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். தூரத்துக்கு ஏற்ற விலைப் பலகை லொறியில் தொங்க வேண்டும். இரண்டு கதவிலும் முழ உயரத்தில் அனுமதி இலக்கமும், முறைப் போனின் இலக்கமும் இருக்க வேண்டும். பொலிஸ் கூப்பிட்டாலும் பொதுசனம் கூப்பிட்டாலும் அந்த ஒரே போனுக்குத்தான் வரும், முறை யாருடையதோ அவர் போவார். ஆளுக்குக் காயம் என்றால் மட்டும் முறை கிடையாது, கிட்ட நிற்கிறவர் ஓட வேண்டும். அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாய்? என் மடியில். இப்போதும் இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

அனுமதிப்பத்திரம் கிடைத்த அன்று எல்லா லொறியையும் கழுவி, கதவில் இலக்கம் எழுதி, செங்கலடியிலிருந்து கல்லடிப் பாலம் வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டு போனோம். உழவு மெசின்களும் பின்னால் வந்தன. மேலே மஞ்சள் லைட் எல்லாம் சுழல விட்டோம். சனம் கடைகளை விட்டு வெளியே ஓடிவந்தது. இத்தனை ரிக்கவரி லொறி ஒன்றாகப் போனால் எங்கேயோ பெரிய விபத்து என்றுதானே நினைப்பார்கள்! எத்தனை பஸ் மோதினது என்று ஒருவர் வழிமறித்துக் கேட்டார். ஒன்றும் மோதவில்லை, நாங்கள் லைசன்ஸ் எடுத்திருக்கிறோம் என்று அப்பா தலையை வெளியே போட்டுச் சொன்னார். கடைசி இலக்கம் என்பதால் நாம்தான் லொறி வரிசையின் கடைசியில் போனோம். அதனால் முன்னால் போன எல்லா லொறியையும் ஒரே பார்வையில் பார்க்கிற பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. பாலத்தில் ஏறும்போது வாவியில் தோணிக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கையசைத்தார்கள். நான் உன்னைப் பெற்ற அன்றுகூட அவ்வளவு சந்தோசமாக இருந்தேனா என்று தெரியாது. பெற்ற அன்று வலி இருந்தது, இதில் அதுவும் இல்லை.

இனி, நான் இவ்வளவு தூரம் வந்தது எதற்காகவோ அதைச் சொல்கிறேன். போன மாரியில் ஒரு பின்னேரம், நல்ல மழை. முறை நமது. முறைப் போன் அடித்தது. ஒரு பெண் பிள்ளையின் குரல், மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்கிற மாதிரி. பதுளை வீதியில் கரடியனாறு தாண்டிக் கார் சறுக்கி ஒரு சில்லு மட்டும் வீதியோரத்துத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கிவிட்டது. கையில் குழந்தை. கூட ஆள் இல்லை. "ஒரு லொறி வந்து நிக்குது. நான் கூப்பிடல்ல. தாடி வெச்ச ஒராள் இறங்கி மழைக்குள்ள நிக்கிறார், கதவுல எழுதியிரிக்கிற நம்பரக் காட்டுறார். அதைப் பாத்துத்தான் எடுக்கன்" என்றாள். கதவில் என்ன இலக்கம் மகள் என்று கேட்டேன். வாசித்தாள். என் நெஞ்சுக்குள் ஒரு பெரிய வெளிச்சம் வந்தது. "அது றபீக் காக்கா" என்றேன். "அவர் உங்கட காரைத் தொடமாட்டார். இண்டைக்கு முறை எங்கட. நாங்க வாற வரைக்கும் உங்களுக்குக் காவலா நிக்கிறார், அவ்வளவுதான்."

யோசித்துப் பார். அவர் மகாஓயாவில் ஒரு வேலையை முடித்துவிட்டு வெறும் லொறியோடு வந்துகொண்டிருந்தார். கார் கண்முன்னே கிடக்கிறது, மழை, ரோட்டில் வேறு ஈ காக்கை இல்லை. அன்றைக்கு வானுக்கு நடந்தது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொக்கி மாட்டியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அப்பாவும் நானும் போய்ச் சேரும்போது தன் லொறியைக் காருக்குப் பின்னால் நிறுத்தி, வேறு வாகனம் வந்து இடித்துவிடாதபடி லைட்டைச் சுழல விட்டுக்கொண்டு, உடுத்திருந்த சாரம் தொப்பலாக நனைந்து நின்றார். எங்களைக் கண்டதும் பிந்திவிட்டீர்கள் என்று ஒரு முறைப்பு வேறு. நான் இறங்கிக் கண்ணாடியருகே போய் முதலில் விலையைச் சொன்னேன். எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அப்போதுதான் கதவைத் திறந்தாள். கானுக்குள் இறங்கின சில்லைத் தூக்க, கேட்காமலே காக்காவும் ஒரு கை கொடுத்தார். அவள் குழந்தையோடு நம்முடைய லொறியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். புருசன் போன் எடுத்தார் போல. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை: "ரெண்டு லொறி வந்து நிக்குது. ஓம், ரெண்டு. பயமில்ல. நீங்க ஆறுதலா வாங்க."

கேட்டாயா மகன்? ரெண்டு லொறி. பயமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, முகம் மழையில் நனைந்திருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, வைப்பரைக் கூட்டிவிட்டு ஓட்டினார். போய் இறக்கிவிட்டபோது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து நன்றி அம்மா என்றாள். நான் உடனே றபீக் காக்காவுக்குப் போன் எடுத்து, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்றேன். அந்தப் பக்கம் காக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தடிமன் பிடித்துவிட்டது என்றார். நான் நம்பவில்லை.

அந்தச் சூட்டோடு இன்னொரு தரம் சங்கிலியைக் கேட்டுப் பார்த்தேன். தலைவி கேட்கிறேன், இப்போதாவது தாருங்கள் என்றேன். மசியவில்லை. "அவன் வரட்டும் தங்கச்சி" என்றார். "மாசம் மாசம் கிரீஸ் பூசித்தான் வெச்சிரிக்கன். துருப் புடிக்க விடமாட்டன்."

இனி உன் கேள்விக்கு என் பதில். கையெழுத்துப் போடாதே. இந்தத் தொழில் வேண்டாம் என்று நீ சொன்ன அன்று அது உனக்கு ஏற்ற தொழிலாக இருக்கவில்லை, நீ சொன்னது சரி. இப்போது ஏற்றதாகச் செய்து வைத்திருக்கிறேன். அப்பாவின் முழங்கால் இன்னொரு மாரிக்குத் தாங்காது. அது ஒரு பக்கம் கிடக்கட்டும், அதற்காக வா என்று கூப்பிடவில்லை. நீ ஒருவன் அன்று கொக்கியைக் கழற்றியதில் தொடங்கியது இது, வந்து உன் கண்ணால் பார். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது செங்கலடியில் இறங்கிவிடாதே. வீட்டைக் கண்டாலும் இறங்காதே. நான் சந்தியில் நின்று கையைக் காட்டினாலும் இறங்காதே. இன்னும் கொஞ்சத் தூரம் போய் ஏறாவூரில் இறங்கு. சங்கிலியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வா.

அம்மா